செகண்ட் ஹேண்ட் மீன்பிடி கயாக்: உள்ளே தண்ணீர் புகுந்தாலும் மிதக்க என்ன நிரப்பலாம்?

கழிக்கரை எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 12 அடி சிட்-ஆன்-டாப் கயாக், அதாவது மூடிய உடலின் மேலே உட்கார்ந்து துடுப்புப் போடும் வகை. பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், எடை 31 கிலோ, 160 கிலோ தாங்கும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்னால் பெரிய ஹேட்ச் (மூடி போட்ட திறப்பு), காலுக்கு நடுவில் 6 அங்குல வட்ட ஹேட்ச். பழைய சொந்தக்காரர் தூண்டில் கம்பு செருக நான்கு ராட் ஹோல்டர் துளைத்துப் பொருத்தியிருக்கிறார்.

முட்டுக்காடு உப்பங்கழியில் கொடுவா மீனுக்குப் போவேன். காற்று அடங்கிய காலைகளில் முகத்துவாரம் தாண்டி கோவளம் பக்கம் கடலுக்குள்ளும் கொஞ்ச தூரம். கரைக்கு வந்து, தண்ணீர் வடிக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்தால் அரை வாளி தண்ணீர் ஊற்றுகிறது. கவிழவும் இல்லை, பெரிய அலை மேலே ஏறவும் இல்லை.

கடலில் இருக்கும்போது உள்ளே முழுக்க நிரம்பினால் என்ன ஆகும் என்பதுதான் பயம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்ப்ரே ஃபோமை உள்ளே அடித்து நிரப்பிவிடலாமா? இல்லை தெர்மாகோல் போடலாமா? எவ்வளவு போட்டால் போதும்?

பட்டறை எழுதியது:

தம்பி, ஸ்ப்ரே ஃபோம் மட்டும் வேண்டாம். அந்த டப்பா ஃபோம் காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். மூடிய ஹல்லுக்குள், அதாவது கயாக் உடலுக்குள், கனமாக அடித்தால் மேல்தோல் இறுகும், நடுப்பகுதி பிசுபிசுவென்று அப்படியே நிற்கும். இரண்டு திரவம் கலந்து ஊற்றும் பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் நன்றாக இறுகும், ஆனால் பொங்கும்போது சூடு கிளம்பும், மெல்லிய பிளாஸ்டிக்கை வெளியே தள்ளும். அடிப்பாகம் புடைத்துவிட்டால் கயாக் நேராகப் போகாது. ஃபைபர் வள்ளங்களை ரிப்பேருக்குப் பிரிக்கும்போது பார்க்கிறேன், வருடக்கணக்கில் தண்ணீரில் ஊறிய ஃபோம் ஈரம் கோத்துக் கனத்துக் கிடக்கும். மிதப்புக்குப் போட்டது சுமையாகிவிடும். அப்புறம் ஒரு ராட் ஹோல்டர் நட்டு இறுக்க வேண்டுமென்றாலும் கை நுழைய இடம் இருக்காது.

அதை விடுங்கள். அந்த அரை வாளி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? மிதப்பு போடுவது இரண்டாவது வேலை.

வாடைக்காற்று எழுதியது:

பட்டறை அண்ணா சொல்வதுதான் சரி. கயாக்கை கார் மேலே கட்டிக் கொண்டு வருகிறீர்களா? ஆமாம் என்றால் முதல் சந்தேகம் அங்கே. வெயிலில் ஹல்லுக்குள் இருக்கும் காற்று சூடாகி விரியும். தண்ணீரில் இறக்கியதும் குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது உள்ளே உறிஞ்சும். ஹேட்ச் ரப்பர், ராட் ஹோல்டர் விளிம்பு, திருகு ஓட்டை என எங்கே சின்ன இடுக்கு இருந்தாலும் அந்த உறிஞ்சலில் தண்ணீர் உள்ளே போகும். இறக்கிய பிறகு கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே ஊறவிட்டு, ஒரு ஹேட்சைத் திறந்து மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து ஸ்கப்பர் துளைகள், மேலே ஏறும் தண்ணீர் கீழே வடிய ஹல்லை ஊடுருவிப் போகும் குழாய்கள். துளைக்குள் இரண்டு கம்பு நுழைத்துத் தூக்கும் மாதிரி டிராலி வைத்திருந்தால், மொத்த எடையும் அந்தக் குழாய்களின் மேல்தான் உட்காரும். குழாய் ஹல்லோடு சேரும் மூலையில் மயிரிழை விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது.

கண்டுபிடிக்க, எல்லா மூடியையும் போட்டு, பிளக் துளையில் வாக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் முனையை வைத்து லேசாக ஊதுங்கள். மேலே சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வரும் இடம்தான் ஓட்டை. பங்க்சர் கடை கம்ப்ரஸர் வேண்டாம், அந்த அழுத்தத்துக்கு ஹல் வெடித்துவிடும்.

கழிக்கரை எழுதியது:

கார் மேலேதான் வருகிறது. டிராலியும் நீங்கள் சொன்ன அதே மாதிரி. சோப்பு வைத்துப் பார்த்தேன். பின்னால் இடது ராட் ஹோல்டரைச் சுற்றி வரிசையாகக் குமிழ். உட்காரும் இடத்துக்குக் கீழே ஒரு ஸ்கப்பரில் மெதுவாக ஒன்று பெருகி உடைந்து மறுபடி வருகிறது, விரல் நகம் வைத்தால்தான் கோடு தட்டுப்படுகிறது. எபாக்சி புட்டி வைத்து அடைக்கலாமா?

பட்டறை எழுதியது:

பாலிஎத்திலீனில் எபாக்சி நிற்காது, காய்ந்தபின் தகடாக உரிந்து வரும். விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டு நிறுத்திவிட்டு, அதே பிளாஸ்டிக் குச்சியை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். தண்ணீர் டேங்க் ரிப்பேர் பார்ப்பவர்கள் செய்து தருவார்கள். ராட் ஹோல்டரைக் கழற்றி, அடியில் ரப்பர் கேஸ்கெட் வைத்து, உள்ளே வாஷரோடு நட்டு போடுங்கள். டிராலியை ஹல்லைத் தாங்கும் பட்டை வகைக்கு மாற்றுங்கள்.

வாடைக்காற்று எழுதியது:

இப்போது மிதப்புக் கணக்கு. பாலிஎத்திலீன் தண்ணீரை விடக் கொஞ்சம் இலேசு, அதனால் வெறும் ஹல் நிரம்பினாலும் கல் மாதிரி அடிக்குப் போகாது. உங்கள் 31 கிலோ ஹல் கடல் தண்ணீரில் கிட்டத்தட்ட 2 கிலோவைத் தாங்கும், அவ்வளவுதான். பேட்டரி, நங்கூரம், பெட்டி எல்லாம் சேர்ந்து 10 கிலோ என்றால் மொத்தமும் கீழே போகும். பெரும்பாலும் கனமான முனை கீழே இறங்கி, மறுமுனை மட்டும் செங்குத்தாக வெளியே நிற்கும். அப்படி நிற்கும் கயாக்கில் தனியாக எதுவும் செய்ய முடியாது.

ஒரு லிட்டர் ஃபோம் சுமார் ஒரு கிலோவைத் தாங்கும். ஹல் தண்ணீர் மட்டத்தில் மட்டமாக நிற்க 8 கிலோ போதும். ஆனால் ஹேட்ச் விளிம்பு தண்ணீருக்கு மேலே இருந்தால்தான் பம்ப் அடித்து வெளியேற்ற முடியும், இல்லையென்றால் அடிக்க அடிக்க உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதற்குக் குறைந்தது 40 லிட்டர் போடுங்கள். நீங்கள் மேலே ஏறி உட்காரவும் வேண்டும் என்றால், உங்கள் எடையையும் சேர்த்து 100 லிட்டர். என் ஓட்டு 100 லிட்டருக்குத்தான்.

அதற்கு இன்னொரு காரணம் உண்டு. 160 கிலோ தாங்கும் கயாக்கின் உள்ளே குறைந்தது 200 லிட்டர் காலி இடம் இருக்கும். பாதி நிரம்பினாலே அந்தத் தண்ணீர் நீங்கள் சாயும் பக்கமெல்லாம் ஓடிப்போய் கயாக்கைக் கவிழ்க்கும். மூழ்குவதற்கு வெகு முன்னால் நடப்பது இதுதான். ஃபோம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் தண்ணீருக்கு ஓட இடமில்லை. கரையேற்றுவதற்கும் 100 கிலோ தண்ணீர் குறையும்.

கழிக்கரை எழுதியது:

நடுவில் ஏற்கெனவே செங்குத்தாக ஒரு ஃபோம் பலகை இருக்கிறதே, அது மிதப்புக்கு இல்லையா? 100 லிட்டர் என்றால் எந்தப் பொருள், எந்த இடம்?

வாடைக்காற்று எழுதியது:

அது தளம் அமுங்காமல் தாங்க வைத்த தூண், மிதப்புக்குப் போதாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதிப்படி, பின்னால் வெளியே எஞ்சின் மாட்டும் 20 அடிக்குக் குறைந்த அவுட்போர்டு படகுகள் பெரும்பாலும் தண்ணீர் நிரம்பினாலும் மட்டமாக மிதக்க வேண்டும். கயாக்குக்கும் கேனோவுக்கும் அந்த விதி பொருந்தாது. ஆகவே கம்பெனி போட்டிருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

பொருள்: நீச்சல் கடையில் விற்கும் பூல் நூடுல் என்ற நீளமான ஃபோம் உருளை. ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது ஒன்று 4 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், 25 வாங்கினால் கணக்கு முடிந்தது. 6 அங்குல ஹேட்ச் வழியாக வளைத்து நுழைக்கலாம். கட்டட வேலைக்கு இணைப்புகளை அடைக்கப் பயன்படும் பேக்கர் ராடும் தண்ணீர் உறிஞ்சாத இதே மூடிய-செல் ஃபோம்தான், தடிமனான அளவு பார்த்து வாங்குங்கள்.

இடம்தான் முக்கியம். இரண்டு பக்கச் சுவரை ஒட்டி, தளத்துக்கு அடியில் மேலேறிய இடத்தில் படுக்க வையுங்கள். கயாக் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து ஃபோம் தண்ணீருக்குள் போகும், உடனே மேலே தள்ளி நிமிர்த்தும். அடியில் நடுவாகப் போட்டால் நேர் எதிர், நிரம்பிய கயாக்கைக் கீழிருந்து தள்ளிப் புரட்டிவிடும். மீதியை அணியத்திலும் (முன்முனை) பின்முனையிலும் பிரித்துப் போடுங்கள். ஒட்ட முயல வேண்டாம், சாதாரணப் பசை பிடிக்காது. நெருக்கமாகச் சொருகி, கடைசித் துண்டை ஆப்பு மாதிரி அடித்து இறுக்குங்கள். ஒவ்வொன்றிலும் நைலான் கயிறு கட்டி நுனியை ஹேட்ச் பக்கம் விடுங்கள், திரும்ப எடுக்க உதவும். அடி நடுவில் பிளக் வரை ஒரு கை அகலம் காலியாக இருக்கட்டும்.

குப்பத்துப் பெண் எழுதியது:

அண்ணா, நூடுல் வாங்கக் காசு அதிகம் என்றால் 2 லிட்டர் சோடா பாட்டில் போடலாம். தண்ணீர் பாட்டில் வேண்டாம், அது மெலிசு. விடியற்காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது மூடியை இறுக்குங்கள். மதிய வெயிலில் மூடினால் கடலில் குளிர்ந்ததும் ஒடுங்கி, தாங்கும் அளவு குறையும். பழைய வலைத் துண்டில் வரிசையாகப் போட்டுக் கட்டுங்கள், உருளாது. 50 பாட்டில் உங்கள் 100 லிட்டர்.

எங்கள் தாத்தா காலத்துக் கட்டுமரத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. மரம் முழு மரம், உள்ளே காலி இல்லை, அலை ஏறினால் இடுக்கு வழியாக இறங்கிப் போய்விடும். கயாக்கில் காலி இடம் இருக்கிறது, அதை அடைத்தே ஆக வேண்டும். தெர்மாகோல் கேட்டிருந்தீர்கள். ராமேசுவரம் பக்கம் தெர்மாகோல் தெப்பத்தில் போகிறவர்கள் உண்டு. ஆனால் உங்கள் ஹல்லுக்குள் மணி மணியாக உதிர்ந்து பிளக்கை அடைக்கும், பெட்ரோல் பட்டால் கரையும்.

வாடைக்காற்று எழுதியது:

பாட்டில் யோசனை நல்லது, ஆனால் பெரிய ஹேட்ச் இருக்கும் முன்பக்கத்துக்கு மட்டும். ஒரு பாட்டிலில் ஓட்டை விழுந்தால் 2 லிட்டர் அப்படியே போய்விடும், உள்ளே இருக்கும்போது தெரியவும் தெரியாது. ஃபோம் கிழிந்தாலும் மிதக்கும். பின்பக்கத்துக்கு நூடுல்தான்.

கழிக்கரை எழுதியது:

வெல்டிங் ஆயிற்று, ராட் ஹோல்டர் மாற்றியாயிற்று. முன்னால் பாட்டில் வலை, பக்கவாட்டிலும் பின்னாலும் நூடுல். நண்பரோடு கழியில் இடுப்பளவு தண்ணீரில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பேட்டரிக்குப் பதில் அதே எடைக்கு மணல் பை வைத்து, ஹேட்சைத் திறந்து வாளியால் நிரப்பினோம். மிதக்கிறது. ஆனால் பின்பக்கம் நான்கு விரல் தாழ்ந்து நிற்கிறது. நான் ஏறினால் நடு ஹேட்ச் விளிம்பு தண்ணீரோடு சமமாகிவிடுகிறது, பம்ப் அடிக்க முடியவில்லை.

வாடைக்காற்று எழுதியது:

இதைக் கரையோரத்தில் தெரிந்துகொண்டது பெரிய விஷயம். பேட்டரியும் பெட்டியும் பின்னால் இருப்பதால் தாழ்கிறது. பேட்டரியை நடு ஹேட்சுக்குக் கீழே கொண்டுவந்து பட்டை போட்டுக் கட்டுங்கள். நடுவிலிருந்து நான்கு நூடுலை எடுத்துப் பின்முனைக்குத் தள்ளுங்கள். பின்பக்கப் பெட்டிக்குள் விளிம்பைச் சுற்றிலும் ஃபோம் வைத்து, பெட்டியை ஹல்லோடு கட்டிவிட்டால் அதுவும் தாங்கும். அப்புறம் மறுபடி நிரப்பிப் பாருங்கள். பம்ப் அடிக்கும்போது நீங்கள் மேலே உட்கார வேண்டியதில்லை, பக்கத்தில் மிதந்தபடியே முன் ஹேட்ச் வழியாக அடிக்கலாம். பாதி இறங்கியதும் ஏறுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டில் விசில் கட்டுங்கள். கயாக் நிரம்பினால் கரைக்கு நீந்தக் கிளம்பாதீர்கள், அதைப் பிடித்துக்கொண்டே இருங்கள், தேடுகிறவர்களுக்கு அதுதான் தெரியும். கடலோரக் காவல்படை எண் 1554, தண்ணீர் புகாத உறையில் இருக்கும் போனில் சேமித்து வையுங்கள்.

பட்டறை எழுதியது:

வெல்டிங் போட்ட ஸ்கப்பரை ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் நகத்தால் தடவிப் பாருங்கள் தம்பி. பிளக்கைத் திறந்தால் ஒரு டம்ளருக்கு மேல் வரக்கூடாது. வந்தால் மறுபடி சோப்பு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முகத்துவாரம் தாண்டுவது.