பிறழ்வா, அசைவா? பாடக்குறிப்புக்கு ஒரு சொல்

பெருந்துறையிலிருந்து:
அவையோர்க்கு வணக்கம். செவிலிய மாணவியருக்கான பாடக்குறிப்பைத் திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டிய நான், 'டார்டிவ் டிஸ்கைனீசியா' என்னும் நோய்ப்பெயரைத் தமிழாக்குவதில் வந்து நின்றுவிட்டேன். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகளையோ, வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடையோ மாதக்கணக்கில் உட்கொள்வோரில் சிலருக்கு, மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளை ஏற்கும் ஏற்பிகள் நெடுநாள் அடைபட்டிருப்பதன் விளைவாக, நாக்கும் உதடும் தாமாகவே சுழலவும் மெல்லவும் தொடங்குகின்றன. உதரவிதானமும் அதில் சேர்ந்துகொண்டால் மூச்சு தாறுமாறாகி உறுமல் எழுகிறது, உறங்கினால் அடங்குகிறது. வீட்டார் இதை 'இளைப்பு' என்பதால் ஆஸ்துமா என்றே எழுதப்பட்டுவிடுவதும் உண்டு. அக்குழப்பத்தைத் தடுக்கும் சொல் வேண்டும்.

கோபியிலிருந்து:
அம்மணி, 'பின்தோன்று பிறழ்வு' என்று எழுதுக. பிறழ்தல் என்பது நெறி தவறுதல் மட்டுமன்று. கயல் நீரில் துள்ளிப் புரள்வதையும் பிறழ்தல் என்றே புலவர்கள் பாடினர். வாய்க்குள் புரளும் நாக்குக்கு இதனினும் பொருந்தும் வினை ஏது? 'பின்தோன்றும்' என விரிக்க வேண்டா. வினைத்தொகையை நன்னூலார் 'காலம் கரந்த பெயரெச்சம்' என்றார். மருந்தை நிறுத்திய பின்னும் நீடிக்கக்கூடிய நோய்க்குக் காலம் கரந்த சொல்லே தகும்.

பல்லடத்திலிருந்து:
புலவர் ஐயாவின் கயல் அழகுதான். ஆனால் என் புறநோயாளர் அறையில் 'பிறழ்வு' என்றால் 'மனப்பிறழ்வு' என்றே காதில் விழும். மருந்து தந்த விளைவை, மகனின் நோய் முற்றியதாகத் தாய் எண்ணிவிடுவார். 'தன்னிச்சை அசைவு' போதும். இன்னொன்று: மார்ஃபின் போன்ற அபின்வகை மருந்துகள் மூளைத்தண்டிலுள்ள மூச்சின் தாளத்தையே மந்தமாக்குபவை, அதை நலாக்சோன் கொடுத்து மீட்கலாம். டார்டிவ் டிஸ்கைனீசியாவில் வரும் மூச்சுக் குழப்பத்துக்கு நலாக்சோன் பயன்படாது. ஆகவே அபின்வகையால் வருவதற்கு 'மூச்சொடுக்கம்' எனத் தனிச்சொல் வையுங்கள்.

கோபியிலிருந்து:
'தன்னிச்சை' எவருடைய இச்சை, டாக்டர்? நாக்கினுடையதா, நோயாளியுடையதா? 'அனிச்சை' என்று திருத்தலாமென்றால், சுட்டதும் கையை இழுக்கும் செயலுக்குப் பள்ளிப் பாடநூல் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. 'மூச்சொடுக்கம்' அதனினும் கேடு. சித்தர் ஒடுக்கங்களை வணங்கும் நம் நாட்டில் அது தவப்பேறு. மூச்சு நிமிடத்துக்கு எட்டாக இறங்கும்போது செவிலி ஓடிவர வேண்டும், கைகூப்பக் கூடாது. 'மூச்சுத் தணிவு' எனலாம்.

பெருந்துறையிலிருந்து:
ஐயா, 'தணிவு' என்றால் காய்ச்சல் தணிந்ததுபோல நல்ல செய்தியாகிவிடுகிறதே. நேரமில்லாமையால் இவ்வாறு எழுதிவிட்டேன்: தலைப்பில் 'மருந்துவழிப் பின்தோன்று பிறழ்வு', மூச்சைத் தாக்கினால் 'மூச்சுப் பிறழ்வு', அபின்வகைக்கு 'மூச்சு மந்தம்'. கடைசிச் சொல்லை இங்கு ஒருவரும் முன்மொழியவில்லை என்பதை அறிவேன்.

பல்லடத்திலிருந்து:
பாடக்குறிப்பில் இருக்கட்டும். அந்தத் தாயிடம் நான் 'மருந்தால் வந்த அசைவு' என்றே சொல்வேன்.

கோபியிலிருந்து:
'மந்தம்' வடசொல், அம்மணி.