வெட்சூட் போட்டு ஏரியக் கடந்தா நீச்சல்னு ஒத்துக்கலாமா? ஊர்ல ஃபிளக்ஸ் வச்சிருக்காங்க, பஞ்சாயத்து பண்ணுங்க

வெண்ணாத்தங்கரை:
வணக்கம் மக்களே. நீடாமங்கலம் பக்கம் நம்ம ஊரு. சித்தப்பா மவன் ஒருத்தன் இங்கிலாந்துல வேலை பாக்குறான், இந்த வருசம் ஜூலை ஆகஸ்ட்ல அந்த நாட்டு வடக்கால இருக்குற லேக் டிஸ்ட்ரிக்ட்ல நாலு ஏரிய வாரம் ஒண்ணா நீந்தியிருக்கான். டெர்வென்ட்வாட்டர் 5 கிலோமீட்டர், கோனிஸ்டன் 8 சொச்சம், அல்ஸ்வாட்டர் 12க்கு பக்கம், கடைசியா வின்டர்மியர் 17, இங்கிலாந்துலயே பெரிய ஏரி அதுதானாம். நல்ல விசயம், யாரு இல்லங்குறா. புரட்டாசிக்கு ஊருக்கு வந்திருக்கான், கடைத்தெருவுல பதினஞ்சடிக்கு ஃபிளக்ஸ், "வடதிசை ஏரிகளை வென்ற வெண்ணாற்று வேங்கையே வருக"ன்னு. போட்டோவுல பாத்தா கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் கறுப்பு ரப்பர் டிரஸ். வெட்சூட்டு. அது தானா மெதக்கும்ங்க, கைய கால ஆட்டாம கெடந்தாலும் மெதக்கும்.

நாங்க கத்துக்குறப்ப மெதக்குறதுக்கு முதுகுல சொரக்குடுக்கை கட்டி ஆத்துல எறக்கி விடுவாங்க, குடுக்கைய அவுத்துட்டு அக்கரைக்குப் போயி திரும்பி வந்தாதான் இவனுக்கு நீச்சல் தெரியும்னு பெரியவங்க ஒத்துப்பாங்க. இவன் குடுக்கையோட போயிட்டு வந்து வேங்கைங்குறான். நான் பொறாமைல பேசுறேன்னு வீட்டுல சொல்றாங்க. நீங்களே சொல்லுங்க.

மன்னை_மைனர்:
குடுக்கைன்னு சொன்னீங்க பாருங்க, முடிஞ்சுது கேஸு. எங்க ஊரு மன்னார்குடி ஹரித்ராநதி தெப்பக்குளம் 23 ஏக்கர், நடுவுல கோயிலத் தொட்டுட்டுத் திரும்புற பயலுவ தெருவுக்கு நாலு பேரு இருக்கான், எவனுக்கும் ஃபிளக்ஸ் இல்ல. நம்ம பசங்க வெறும் ஜட்டியோட போனாலே அந்த ஏரியெல்லாம் ஜுஜுபி, என்ன பண்றது விசா குடுக்க மாட்டேங்குறான்.

கொரடாச்சேரி_டு_லீட்ஸ்:
மைனரண்ணே, ஜுஜுபின்னு நெனச்சுதான் நானும் எறங்குனேன். அஞ்சு வயசுலேர்ந்து ஆத்துல கெடந்தவன், மதகு மேலேர்ந்து குதிச்சவன். போன வருசம் மே மாசம், அல்ஸ்வாட்டர், வெளிய நல்ல வெயில், தண்ணி 11 டிகிரி, சூட்டெல்லாம் எதுக்குன்னு வெறும் டவுசரோட எறங்கிட்டேன். மார்பளவு போனதும் மூச்சு உள்ளதான் போவுது வெளிய வரமாட்டேங்குது, நாய்க்கு இழுக்குற மாதிரி இழுக்குது, அந்த நேரம் பாத்து மூஞ்சி தண்ணிக்குள்ள இருந்துச்சுன்னா ஒரு மடக்கு நேரா நுரையீரலுக்குத்தான் போவும், நல்லா நீச்சல் தெரிஞ்சவனும் குளிர்தண்ணில மொத ரெண்டு நிமிசத்துல போயிச் சேர்றது இப்படித்தான். எனக்கு அந்த ரெண்டு நிமிசம் தாண்டிடுச்சு, சாமி புண்ணியம். அப்பறம் பத்து நிமிசத்துல வெரல் ஒண்ணோட ஒண்ணு சேரமாட்டேங்குது. தண்ணிய வாரணும்னா கை அகப்பை மாதிரி இருக்கணும்ல, எனக்கு சல்லடை மாதிரி விரிஞ்சு நிக்குது. தள்ளுனா தண்ணி ஒழுவுது.

இதுல வேடிக்கை என்னன்னா கரைக்கு வந்தப்பறம்தான் ஜாஸ்தி நடுங்கும். தண்ணிய விட்டு ஏறுனப்பறமும் கொஞ்ச நேரம் உள்சூடு எறங்கிக்கிட்டேதான் இருக்கும். பிளாஸ்க்லேர்ந்து டீ ஊத்துறேன், கப்புல விழல, தொடையில விழுவுது, சுடுதுன்னு கூட தெரியல. சட்டை பட்டன எனக்குப் போட்டு விட்டது பக்கத்துல குளிச்சுட்டு நின்ன ஒரு வெள்ளக்காரப் பாட்டி, எழுவது வயசு இருக்கும். அடுத்த வாரமே சூட் வாங்கிட்டேன்.

வெண்ணாத்தங்கரை:
தம்பி அந்தப் பாட்டி சூட் போட்டிருந்தாங்களா?

கொரடாச்சேரி_டு_லீட்ஸ்:
...இல்லண்ணே. சாதா நீச்சல் டிரஸ்தான்.

மன்னை_மைனர்:
ஹாஹாஹா. பாட்டிக்கு வைங்கய்யா ஃபிளக்ஸ.

கொரடாச்சேரி_டு_லீட்ஸ்:
சிரிங்க சிரிங்க. பாட்டி வருசம் முழுக்க, மார்கழி தை பாக்காம, வாரம் மூணு தடவ எறங்குற ஆளு, எறங்குனா பத்து நிமிசம், ஏறிடுவாங்க. ஒடம்பு பழகும், அஞ்சாறு தடவ எறங்குனாலே அந்த மூச்சு இழுக்குறது நல்லா கொறையும். ஆனா பத்து நிமிசம் முங்கி எழறதும் வின்டர்மியர்ல ஆறேழு மணி நேரம் கெடக்குறதும் ஒண்ணா? ஆடி ஆவணிக்கு அங்க தண்ணி 16, 17க்கு வரும், நம்ம ஆத்துத் தண்ணி 28, 30. தண்ணி காத்த விட இருவத்தஞ்சு மடங்கு வேகமா ஒடம்புச் சூட்ட உறிஞ்சும், தோலுக்கடியில கொழுப்பு இருந்தாதான் தாங்கும். நம்மாளுக்குக் கொழுப்பு வாயில மட்டும்தான் இருக்கு.

கோடியக்கரை_உப்பு:
வாய்க்கொழுப்பு பத்தி லீட்ஸ் தம்பி சொன்னது எனக்கில்லன்னு எடுத்துக்குறேன். வேதாரண்யம் பக்கத்துக்காரன் பேசுறேன். 1954ல யாழ்ப்பாணக் கரையிலேர்ந்து நவரத்தினசாமி பாக் நீரிணைய நீந்தி எங்க கோடியக்கரையில வந்து ஏறுனாரு, கிட்டத்தட்ட 27 மணி நேரம், அதுக்கு முன்னாடி அப்படி நீந்துனதா யாரும் பதிவுல இல்ல. 1971ல வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் இன்னும் மேல போயி, இங்க வந்து கரையத் தொட்டுட்டு அப்படியே திரும்பி ஊருக்கே நீந்துனாரு, 51 மணி நேரம். ரப்பர் கெடையாது ஒண்ணும் கெடையாது.

எங்கது வெந்நீருன்னு சொல்லுவீங்க. சரி, உங்க வடக்கத்திக் கணக்குக்கே வாங்க. அதே 1954, செப்டம்பர் மாசம், கனடாவுல மர்லின் பெல்னு 16 வயசுப் பொண்ணு ஒன்டாரியோ ஏரிய மொத ஆளா கடந்துச்சு, நேர்க்கோட்டுல 50 கிலோமீட்டருக்கு மேல, 21 மணி நேரம், ராத்திரி முழுக்க. காலுல லாம்ப்ரேன்னு அட்டை மாதிரி ஒட்டி உறியுற மீனு கவ்வுது, அத அடிச்சு விலக்கிட்டு நீந்துது அந்தப் புள்ள. 1988ல விக்கி கீத் அந்தப் பக்கத்து அஞ்சு பெரிய ஏரியையும் ஒரே கோடையில முடிச்சாங்க. நம்ம குற்றாலீஸ்வரன் 1994ல இங்கிலீஷ் சேனல் கடக்குறப்ப 12 வயசு. சேனலுக்கு விதியே இருக்கு, சாதா நீச்சலுடை, ஒரு தொப்பி, கண்ணாடி, மேல வேணும்னா கிரீஸ் பூசிக்க, சூட் போட்டா அந்தக் கணக்குல சேத்துக்க மாட்டான். விதி வச்சது நானில்ல, அவனே.

வெண்ணாத்தங்கரை:
உப்பு அண்ணே, இதத்தான் நான் நாலு நாளா கத்துறேன்.

கொரடாச்சேரி_டு_லீட்ஸ்:
அதே ஆழிக்குமரன்தான் அண்ணே 1984 ஆகஸ்ட்ல இங்கிலீஷ் சேனல் நீந்துறப்ப செத்துப்போனாரு. நம்ம கடல்ல 51 மணி நேரம் கெடந்த மனுசன். சேனல் குறுக்க 33 கிலோமீட்டர்தான். அவரு பேர இந்தச் சண்டைல இழுக்க எனக்கு மனசே இல்ல, நீங்க இழுத்ததால சொல்றேன்.

இன்னொண்ணு, கடலோட ஏரிய ஒப்பிடாதீங்க. உப்புத்தண்ணி தூக்கிக் குடுக்கும், நல்லதண்ணி ஏரியில காலு கீழ கீழ எறங்கும், அதத் தூக்கவே பாதி சக்தி போவும். சூட்டு அங்க உதவுது, ஒத்துக்குறேன், இல்லன்னு சொன்னா நான் பொய்யன். ஆனா ஓசில உதவல. தோள் ரெண்டையும் இறுக்கிப் பிடிக்கும், ஒவ்வொரு கை வீச்சுக்கும் ரப்பர இழுத்துக்கிட்டே நீந்தணும், கழுத்துல வேசலின் அப்பலன்னா மூணாவது மணி நேரத்துல தோலு உரிஞ்சுடும்.

பிடிடீச்சர்_திருவாரூர்:
தம்பிங்களா, நான் பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். ரொம்ப நேரமா படிச்சுட்டு இருக்கேன், ஒண்ணு கேக்கணும். மேட்டூர் தொறந்து தண்ணி வந்தப்பறம் வெண்ணாத்துல நாலு கிலோமீட்டர் நீந்துனோம், அஞ்சு கிலோமீட்டர் நீந்துனோம்னு ஊருல பெருமை அடிக்கிறீங்களே, எந்தப் பக்கம் பாத்து நீந்துனீங்க? ஓட்டத்தோடத்தானே. ஆத்துத் தண்ணி ஒரு மணி நேரத்துல மூணு கிலோமீட்டர் ஓடுதுன்னா நீங்க மல்லாந்து படுத்துக்கிட்டு சினிமாப்பாட்டு பாடுனாலே மூணு கிலோமீட்டர் போவீங்க. அந்த இழுவை என்ன கணக்கு? அதுவும் சொரக்குடுக்கைதான, கண்ணுக்குத் தெரியாத குடுக்கை. ஏரியில இழுவை கெடையாது, ஒவ்வொரு முழமும் கையாலதான். காத்து எதிர்த்து அடிச்சா நீளமான ஏரியில அலை ஏறும், மூச்சு வாங்க தலையத் திருப்புனா வாயில தண்ணி அறையும். எங்க ஊரு கோயில் குளம் கமலாலயத்துல காத்தடிக்கிற நாள்ல எறங்கிப் பாருங்க, அதுலயே கொஞ்சம் தெரியும், இத்தனைக்கும் அது அஞ்சு வேலிப் பரப்புதான்.

மன்னை_மைனர்:
டீச்சர், நாங்க ஓட்டத்துக்குக் குறுக்கவும் போயிருக்கோம்.

பிடிடீச்சர்_திருவாரூர்:
போயி எங்க கரை ஏறுனீங்க? அரைக் கிலோமீட்டர் கீழ, எவனோ ஒருத்தன் வாழைக்கொல்லையில. 🙂

இன்னும் சொல்றேன் கேளுங்க. உலக அளவுல திறந்தவெளி நீச்சல் போட்டிக்கு தண்ணி 16 டிகிரிக்குக் கீழ போனா நடத்தக்கூடாது, அது எல்லாருக்கும் தெரியும். 31க்கு மேல போனாலும் நடத்தக்கூடாதுன்னு இருக்கு, அது யாருக்கும் ஞாபகம் வராது. சித்திரை மாசம் ரெண்டு மணிக்கு நம்ம குளத்துல தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்க. அந்த வெந்நீர்ல மூணு மணி நேரம் நீந்துனா மயக்கம் போட்டுத்தான் விழணும். குளிருக்குப் பழகுனவன் இங்க வந்தா திணறுவான், நாம அங்க போனா திணறுவோம், இதுல யாரு வேங்கை?

எனக்கு வயித்தெரிச்சல் வேற. இந்தத் திரில இவ்ளோ நேரம் ஆம்பளைங்கல்லாம் சேந்து, யாரு நீந்துனதுன்னு சண்டை போடுறீங்க. எங்க பள்ளிக்கூடத்துல ஒம்பதாவதுல அறுவது பொண்ணுங்க, நீச்சல் தெரிஞ்சது மூணு. பதினெட்டாம் பெருக்குக்கு முளைப்பாலிகை விட படித்துறையில கழுத்தளவு எறங்குவாங்க, மணல் அள்ளுன குழி எங்க இருக்குன்னு எவனுக்குத் தெரியும், ஒரு படி தள்ளிக் கால வச்சா ரெண்டு ஆள் ஆழம். மூணாத்துத் தலைப்புல சட்டர்ஸ் தொறந்தா கீழ தண்ணி சுருட்டுறத பாத்திருப்பீங்க, அதுல எந்த நீச்சலும் வேலைக்காவாது. அந்தத் தம்பி பின்னாடி ஆரஞ்சுக் கலர்ல ஒரு பலூன் கட்டிக்கிட்டு நீந்தியிருப்பான் பாருங்க, படகுக்காரன் கண்ணுல படறதுக்கு, அசந்தா பிடிச்சுத் தொங்குறதுக்கு. அதுல நாலு எனக்கு வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க, ஃபிளக்ஸ் காசுக்கு வரும்.

கோடியக்கரை_உப்பு:
டீச்சரம்மா சொன்ன ஓட்டம் மேட்டர் நியாயம், அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனாலும் சூட்டோட நீந்துனதையும் சூட் இல்லாம நீந்துனதையும் ஒரே பலகையில எழுதக்கூடாதுங்குறதுல நான் மாறல. தனியா எழுது. "சூட்டோட"ன்னு ஒரு வார்த்தை போடு. கனடாக்காரி கால்ல மீனு கவ்வ நீந்துனாளே, அவளுக்கு அந்த ஒரு வார்த்தை மரியாதை உண்டா இல்லையா?

கொரடாச்சேரி_டு_லீட்ஸ்:
அங்கயும் அப்படித்தான் அண்ணே, தனித்தனியாத்தான் எழுதுறான். நான் அத என்னைக்கு மறுத்தேன்? குடுக்கைன்னு ஏமாத்து வேலை மாதிரி சொன்னதுதான் சுருக்குன்னுச்சு. கனடாவுல கீஸ்பிரெக்ட்னு ஒரு பேராசிரியர், ஐஸ் தண்ணில விழுந்தவனுக்கு 1-10-1ன்னு ஒரு கணக்கு சொல்லுவாரு, மூச்ச அடக்க ஒரு நிமிசம், கை கால் வேலை செய்ய பத்து நிமிசம், நெனப்பு தப்ப ஒரு மணி நேரம். எனக்கு ரெண்டு சின்னப் புள்ளைங்க, நான் ரப்பர் போட்டுக்கிட்டே சாவாம இருந்துட்டுப் போறேன்.

மன்னை_மைனர்:
சரி விடு மாப்ள, பொங்கலுக்கு ஊருக்கு வா, ஹரித்ராநதில விடியக்காலம் அஞ்சு மணிக்கு எறங்குவோம், ஒனக்கு சூட் அலவுடு. எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வா.

வெண்ணாத்தங்கரை:
ரெண்டு நாளா இந்தப் பக்கம் வரல, கருதறுப்பு. நேத்து சாயந்திரம் அந்த சித்தப்பா மவன் வீட்டுக்குப் போனேன், மொத தடவையா. சட்டை இல்லாம திண்ணைல ஒக்காந்திருந்தான். கழுத்தச் சுத்தி ஒரு தழும்பு, கவணைக்கயிறு இறுக்குன மாட்டுக்கு இருக்குமே அந்த மாதிரி, ஒரு பக்கம் இன்னும் ஆறல. வின்டர்மியர்ல கடைசி ரெண்டு மணி நேரமாம். வேசலின் தீந்துபோச்சாம். ஃபிளக்ஸ்ல ஏன்டா சூட்டுன்னு போடலன்னு கேட்டேன், "நான் போட சொன்னேண்ணே, பசங்கதான் வேங்கைக்கு சட்டை எதுக்குன்னு அடிச்சுட்டானுவ"ங்குறான். டீச்சரம்மா, பலூன் நாலுக்கு ஆறா அனுப்புறேன்னு சொல்லியிருக்கான், அட்ரஸ் தனியா அனுப்புங்க.

குடுக்கை குடுக்கைதான், அதுல நான் எறங்கி வரல. ஆனா இப்ப சண்டை போட ஃபிளக்ஸும் இல்ல. நேத்து ராத்திரி மழை புடிச்சுக்கிச்சு, கொள்முதல் நிலையத்துல எங்க குறுவை மூட்டை அம்பது வெளிய கெடந்துச்சு, தார்ப்பாய் பத்தல, நானும் அவனுமா போயி அந்த ஃபிளக்ஸக் கழட்டிட்டு வந்து மேல போத்திட்டோம். காலையில பாத்தேன், வேங்கை மல்லாந்து கெடக்கு, தொப்புள் மேல ஒரு குட்டை தண்ணி. நெல்லு நனையல.