அந்த எழுதுமேசையைச் செய்தவர் யார்: கார்லினா, புவாரியேயா?

இளவேனில்:
நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1768ஆம் ஆண்டைச் சேர்ந்த சிறிய எழுதுமேசை ஒன்று இருக்கிறது. சீமாட்டிகள் கடிதம் எழுதுவதற்கென்று 1760 வாக்கில் பாரிஸில் புழக்கத்துக்கு வந்த இவ்வகை மேசையைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘பொனர் டு ஜூர்’ என்பார்கள். ‘அன்றைய மகிழ்ச்சி’ என்று பொருள். ஒடிசலான கால்களும், எழுதுபலகையின் பின்னே உயர்ந்து நிற்கும் சிறு அடுக்கும் கொண்ட அம்மேசையின் முகப்பெங்கும் பச்சைக் கரையிட்ட வெள்ளைப் பீங்கான் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றில் மலர்கள் தீட்டப்பட்டுள்ளன. சுற்றிலும் பொன்முலாம் பூசிய வெண்கலச் சட்டங்கள். செய்தவர் பெயராகத் தச்சர் மார்ட்டின் கார்லின் என்று குறித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் சிமோன்-பிலிப் புவாரியே என்னும் வணிகரின் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்பது என் கருத்து. செவ்ர் அரசுப் பீங்கான் ஆலையில் தகடுகளை வாங்கியவர் அவர்; தச்சருக்கும் வெண்கல வேலைக்காரருக்கும் வேலை கொடுத்து, முடிந்த மேசையைத் தம் கடையில் வைத்து விற்றவரும் அவரே.

தச்சுப்பட்டறை:
நண்பர் இளவேனிலின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. புவாரியே போன்ற வணிகர்களைப் பற்றித் அதே நூற்றாண்டில் வெளிவந்த, பிரெஞ்சு அறிஞர் திதரோவின் கலைக்களஞ்சியமே ‘எல்லாவற்றையும் விற்பவர்கள், எதையும் செய்யாதவர்கள்’ என்றுதான் சொல்கிறது. நான் மரவேலை செய்பவன் என்பதால் அந்த மேசையில் என் கண் முதலில் போகும் இடம் பீங்கானும் மரமும் சேரும் விளிம்பு. ஓக் மரச்சட்டம் ஈரக்காலத்தில் உப்பும், வறண்ட காலத்தில் சுருங்கும். பீங்கான் மயிரிழைகூட அசையாது. போதாததற்கு அக்காலத்துச் செவ்ர் பீங்கான் கயோலின் களிமண் சேராத மென்வகை. சூளையில் எளிதில் கோணிக்கொள்ளும் என்பதால் தட்டையான தகடாகச் சுட்டெடுப்பதே பெரும்பாடு. அப்படி வந்த தகடுகளை, மரம் அசைய இடம் விட்டு, அந்த இடைவெளி கண்ணில் படாதபடி வெண்கலச் சட்டத்தால் மூடிப் பொருத்தியிருக்கிறார்கள். கடையில் உட்கார்ந்துகொண்டு பட்டியல் எழுதியவருக்கு இந்த நுணுக்கம் வராது. கார்லின் 1766இல் பாரிஸ் தச்சர் சங்கத்தில் ஆசான் பட்டம் பெற்றவர்; தம் பெயரை மரத்திலேயே முத்திரையாக அடித்தவர்.

இளவேனில்:
கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஐயா. ஆனால் அந்த முத்திரை தச்சர் சங்க விதி கட்டாயமாக்கியதால் அடிக்கப்பட்டது. வடிவத்தைச் சிந்தித்தவர் யார் என்பதற்கு அது சான்றாகாது. கார்லினுக்கு முன்பே, 1760 வாக்கில், இதே புவாரியேக்காகப் பீங்கான் பதித்த மேசைகளைச் செய்தவர் இரண்டாம் பெர்னார் வான் ரைசன்பர்க் என்னும் தச்சர். பின்னர் அந்த வேலை கார்லினிடம் வந்தது. 1770களின் பிற்பகுதியில் தொமினிக் தகேர் என்னும் வணிகர் புவாரியேயின் கடையை ஏற்று நடத்தியபோதும் பீங்கான் பதித்த மேசைகள் அங்கே தொடர்ந்து வந்தன. தச்சர் மாறியும் பாணி தொடர்ந்தது என்றால், அந்தப் பாணி யாருடையது? இதே வடிவத்தில் கார்லின் செய்த எழுதுமேசைகள் பத்துக்கும் மேல் இன்று எஞ்சியுள்ளன. ஒரே அளவுத் தகடுகள் ஆண்டுதோறும் வாங்கப்பட்டிராவிட்டால் அது நடந்திருக்காது. இங்கே மரச்சட்டம்தான் தகட்டின் அளவுக்கு இணங்கியிருக்கிறது.

நல்லினி:
நீங்கள் இருவருமே இரண்டு பெயர்களோடு நின்றுவிடுகிறீர்கள். தகட்டைக் கழற்றித் திருப்பினால் பின்புறத்தில் செவ்ர் ஆலையின் குறியான, பின்னிய இரண்டு ‘எல்’ (L) எழுத்துகளும், ஆண்டைக் காட்டும் ஓர் எழுத்தும் இருக்கும். ‘பி’ (P) என்றால் 1768. பக்கத்திலேயே ஓவியரின் சின்னக் குறி. மலர் தீட்டியவர் யாரும் பார்க்காத இடத்திலாவது ஒப்பமிட்டிருக்கிறார். பொன்முலாம் பூசியவருக்கு அதுவும் இல்லை. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, வெண்கலத்தில் தடவி, நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் பறந்துவிடும், தங்கம் படிந்து நிற்கும். அந்த ஆவியை மூச்சில் இழுத்தவர்களுக்குக் கை நடுக்கம் கண்டது, பல் கொட்டியது, பலர் இளவயதிலேயே இறந்தார்கள். 1814இல் இறந்த பாரிஸ் வெண்கல வணிகர் ரவ்ரியோ, முலாம் பூசுவோரை இந்த நஞ்சிலிருந்து காக்க வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்க் பரிசு என்று உயில் எழுதிவைத்தார். புகைபோக்கியோடு கூடிய உலையை அமைத்த வேதியியலாளர் தார்சே 1818இல் அதைப் பெற்றார். கார்லினின் மேசைக்கு முலாம் பூசியவர்களுக்கு அந்த உலை ஐம்பது ஆண்டு தாமதம். இதை நினைக்காமல் அந்தச் சட்டங்களின் பளபளப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

தச்சுப்பட்டறை:
நல்லினி அம்மா சொல்வது முழுக்க நியாயம். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தச்சர் வெண்கலம் வார்க்கவோ முலாம் பூசவோ அன்றைய சங்க விதிகள் இடம் தரவில்லை. தம் பட்டறையிலேயே வெண்கல வேலை செய்த சார்ல் கிரெசான் என்னும் தச்சர் அதற்காக வழக்குகளைச் சந்திக்க நேர்ந்தது. ஆகவே எல்லாக் கைகளையும் ஒன்றுசேர்க்க வணிகர் தேவைப்பட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘புவாரியேக்காகக் கார்லின் செய்தது, பொன்முலாம் பூசியவர் பெயர் பதிவாகவில்லை’ என்று எழுதட்டும். பெயர் வரிசையை மட்டும் மாற்றச் சம்மதிக்க மாட்டேன்.

இளவேனில்:
முலாம் பூசியவரைப் பற்றிய அந்த வரி இன்றைக்கே சேர்க்கப்பட வேண்டியது. அதில் நாம் மூவரும் ஒருமனம். வரிசையில் நான் இன்னும் உடன்படவில்லை. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பீங்கான் பதித்த இழுப்பறைப் பேழையை 1772இல் மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் து பாரிக்கு அனுப்பிவைத்தவர் புவாரியே. அந்த அம்மையார் அதற்கு விலை கொடுத்ததும் அவரிடம்தான்.