பொருள்: ப்ராக்சிமிட்டி எஃபெக்ட் – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம். இசை மாணவர்களுக்கான ஒலிப்பதிவுச் செய்முறைக் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மைக் ஒலிவாங்கி ஆகிவிட்டது. முன்பக்க ஒலியை அதிகமாக வாங்கும் கார்டியாய்டு மைக்குக்கு இதயவடிவம், எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வாங்கும் ஆம்னி மைக்குக்கு எல்லாத்திசை. இடறுவது ஒன்றுதான். கார்டியாய்டை மிருதங்கத்தின் தொப்பிக்கு (கீழ் ஒலி தரும் இடப்பக்கம்) நாலு விரல் கிட்டே வைத்தால் 'கும்' அளவுக்கு மீறிப் பெருகுகிறதே, அந்த ப்ராக்சிமிட்டி எஃபெக்ட். இப்போதைக்கு 'அருகாமை விளைவு' என்று போட்டிருக்கிறேன்.
– செ.

அம்மா, 'அருகாமை' வேண்டவே வேண்டாம். அருகுதல் என்றால் குறைதல். அருகாமை என்றால் குறையாமை. பத்திரிகைக்காரர்கள் கெடுத்த சொல். 'அண்மை' இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை. தொல்காப்பியத்தில் கூப்பிடும் சொல்லைப் பற்றிய விளிமரபில் அண்மைச் சொல் இயற்கையாகும். தள்ளி நிற்பவனை 'நம்பீ' என்று நீட்டிக் கூப்பிடுகிறோம், பக்கத்தில் நிற்பவனுக்கு 'நம்பி' திரியாமல் நிற்கும். உங்கள் கருவியிலோ அண்மையில்தான் ஒலி திரிகிறது! இலக்கணத்துக்கு நேர் எதிர்.
– பு.

புலவர் ஐயா, கிட்ட இருக்கறது மட்டும் காரணம் இல்லீங்க. ஆம்னியைத் தொப்பியை ஒட்டி வெச்சாலும் இது வராது. கார்டியாய்டு மாதிரி திசை மைக் முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் எடுக்குது. தூரத்துல இருந்து வர்ற கீழ் ஒலிக்கு அந்த வித்தியாசம் ரொம்பச் சின்னது. அதை ஈடுகட்டித்தான் மைக்கைச் செய்யறாங்க. கிட்டப் போனா, ஒலி சில சென்டிமீட்டர்லயே மளமளன்னு குறையறதால கீழ் ஒலிக்கும் பெரிய வித்தியாசம் கிடைச்சிடுது, பேஸ் (அந்தக் கீழ் ஒலி) ஏறிடுது. முன்னும் பின்னும் எடுக்கற எட்டு வடிவ மைக்ல இன்னும் ஜாஸ்தி. 'அண்மை'ன்னு மட்டும் போட்டா பசங்க ஆம்னியிலயும் தேடுவாங்க. ஸ்டுடியோல நாங்க 'பேஸ் ஏறுது'ன்னு சொல்றோம். 'பேஸ் ஏற்றம்'னு வெச்சா என்ன குறை?
– ரா.

'பேஸ்' எதற்கு? தமிழிசையில் மூன்று இயக்கு (ஸ்தாயி) உண்டு: மெலிவு, சமன், வலிவு. கீழே உள்ள மந்தர ஸ்தாயிக்குப் பெயர் மெலிவு. ஆகவே 'மெலிவேற்றம்'. ஒரே சொல், தூய தமிழ், இசை மரபும் உள்ளே இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?
– இ.

ஐயா, விடைத்தாள் திருத்துவது நான். 'மெலிவேற்றம் என்றால் என்ன?' என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் 'சத்தம் மெலிந்து போதல்' என்று எழுதுவார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. மரபு சரிதான், ஆனால் சொல்லோடு உரையாசிரியரையும் வகுப்புக்கு அனுப்ப முடியாது. (செ., வாய்ப்பாட்டுப் பகுதியில் 'ப்ளோசிவ்' வரும் இடத்தில் வல்லினம் என்றே போடலாம். 'பக்கல நிலபடி' கீர்த்தனையை ஆரம்பிக்கும்போது அந்தப் பகரம்தானே மைக்கில் காற்றாக மோதுகிறது? மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்று ஓரமாகத் திருப்பச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.)
– மீ.

வல்லினம் ஆறும் வெடிப்பன அல்ல. றகரத்தை எங்கே வைப்பீர்கள்?
– பு.

அண்மை, சேய்மை எண்டு ரெண்டோட நிக்கிறியள். எங்கட பக்கம் 'உது' இன்னும் உயிரோட இருக்கு. சுட்டு மூண்டு: கிட்ட இருக்கிறதுக்கு இ, நடுவில உ, தூர அ. நாதஸ்வரத்துக்கு மைக் வைக்கேக்க இது நல்லாப் பொருந்தும். அணசுக்குள்ள (கீழ விரிஞ்ச வாய்) நேர வைச்சா இ-நிலை. துளைகளாலயும் ஒலி வாறபடியால் முன்னுக்கு ரெண்டு மூண்டு அடி தள்ளி வைக்கிறது உ-நிலை. மண்டப எதிரொலியையும் சேத்துப் பிடிக்கத் தூர வைக்கிறது அ-நிலை. ஏறுற பேஸுக்கு 'இகர ஏற்றம்' எண்டு வைப்பம்.
– க.

க. அண்ணே, இதைப் படிச்சு ரொம்ப நேரம் சிரிச்சேன். ஆனா மைக் ஸ்டாண்டுல 'இ', 'உ', 'அ'ன்னு டேப் ஒட்டப் போறேன், நிஜமாத்தான்.
– ரா.

நன்றி, நன்றி. இன்று புதன். 'விளைவு' என்றால் என்ன விளைந்தது என்றே தெரியவில்லை, 'பேஸ்' வந்தால் இ. ஐயா விடமாட்டார். ஆகவே 'அண்மை ஏற்றம்' என்று போடுகிறேன். கீழே ஒரு வரி: 'எல்லாத்திசை ஒலிவாங்கியில் இது நேராது.' ரா., மீ., க. மூவரும் தனிமடலில் சரி என்றார்கள். மறுப்பு உண்டா?
– செ.

உண்டு. மெலிவேற்றமே சரி. என் மறுப்பு இழையில் இருக்கட்டும்.
– இ.

சொல்லில் மறுப்பில்லை. ஆனால் யகர உடம்படுமெய் இட்டு 'அண்மையேற்றம்' என்று சேர்த்தே அச்சிட வேண்டும். பிரித்தால் அண்மையில் நடந்த விலையேற்றம் என்று படிப்பார்கள்.
– பு.

புலவர் ஐயா, அச்சகத்தில் ஒரு நாள் முன்னதாகவே கேட்டார்கள், நேற்று மாலை கொடுத்துவிட்டேன். பிரித்துத்தான் போயிருக்கிறது.
– செ.