புதுப்பிப்பு: பேட்டரி கூல் பாக்ஸ் 2 மணி நேரத்தில் நின்றுபோவது – தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பேட்டரியில் ஓடும் கூல் பாக்ஸ் (எடுத்துச் செல்லும் குளிர்பெட்டி) வாங்க, பெல்டியர் வகையா (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு), கம்ப்ரெசர் வகையா (வீட்டு ஃபிரிட்ஜ் போல) என்று முன்பு கேட்டிருந்தேன்; வாங்கியபின் அது சீக்கிரமே நின்றுபோவது பற்றியும் கேட்டேன். கம்ப்ரெசர்தான் வாங்கினேன், 30 லிட்டர். பெல்டியர் வெளி வெப்பத்தைவிட 15–20 டிகிரிதான் குறைக்கும், அதுவும் ஓயாமல் ஓடி. வெயிலில் வேலை பார்ப்பவர்களுக்கு அது உதவாது.

ஆனால் 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி (640 வாட்-அவர்) நிறைய சார்ஜோடு இருந்தும் பெட்டி 2 மணி நேரத்தில் அணைந்தது. "பேட்டரியைக் குறை சொல்லாதே, ஒயரைப் பார்" என்ற யோசனைதான் பலித்தது. கம்ப்ரெசர் ஓடும்போதே மல்டிமீட்டர் வைத்ததில் பேட்டரி முனையில் 12.9, பெட்டியின் சாக்கெட்டில் 11.2 வோல்ட். நடுவில் 5 மீட்டர், 0.75 சதுர மி.மீ. மெல்லிய ஒயர் வோல்ட்டேஜைத் தின்றது, போதாக்குறைக்கு லைட்டர் பிளக் (காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகை) தொட்டால் சுட்டது. பேட்டரி முழுக்கத் தீராமல் பெட்டியை அணைக்கும் 'பேட்டரி பாதுகாப்பு' அமைப்பும் 'ஹை'யில் (சீக்கிரமே அணைக்கும் நிலை) இருந்ததால், வோல்ட்டேஜ் குறைந்ததும் வெட்டிவிட்டது.

ஒயரை 4 சதுர மி.மீ.க்கு மாற்றி, பேட்டரி பக்கத்தில் 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, லைட்டர் பிளக்குக்குப் பதில் ஆண்டர்சன் கனெக்டர் (அதிக மின்னோட்டம் தாங்கும், இறுக்கமாகப் பொருந்தும் இணைப்பு) வைத்தேன். இழப்பு இப்போது 0.3 வோல்ட்டுக்குள். தனி லித்தியம் பேட்டரி என்பதால் பாதுகாப்பை 'லோ'வில் வைத்தாயிற்று. வண்டி பேட்டரியிலேயே ஓட்டுபவர்கள் 'ஹை'யை மாற்ற வேண்டாம், அப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

4 டிகிரியில், முன்கூட்டியே குளிர்ந்த பொருளோடு 28 மணி நேரம் ஓடியது. எதிர்பாராதது ஒன்று: பக்கவாட்டு காற்றுத் துளையைப் பை மறைத்திருந்த நாளில் 17 மணி நேரம்தான்.