மேலதிகக் கட்டண முத்திரைகள்: உறை பிரிக்கிறவைக்குச் சில அனுபவக் குறிப்புகள்

வண்ணார்பண்ணை அண்ணை:
மேலதிகக் கட்டண முத்திரையெண்டால், தபாற் கட்டணத்துக்கு மேல ஒரு நல்ல காரியத்துக்கும் கொஞ்சக் காசு சேர்த்து விற்கிற முத்திரை. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய கடித உறைகளில் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி முத்திரை இருக்கோ எண்டு பாருங்கோ. 1998 ஜூலை 29இல் வெளியானது. விலை அச்சிடவில்லை. அப்போது ஒன்று 40 சதம்: 32 தபாற் கட்டணம், 8 ஆராய்ச்சிக்கு. தபால் சேவை தன் செலவைக் கழித்த பிறகு 70 வீதம் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கும், 30 வீதம் பாதுகாப்புத் திணைக்களத்தின் மருத்துவ ஆராய்ச்சிக்கும் போகும். 1999இல் கடிதக் கட்டணம் 33 ஆனது, முத்திரை விலை அசையவில்லை, ஆராய்ச்சிக்கு 7தான். 2001இல் அதுவும் 6 ஆச்சு. 2002இல்தான் விலையை 45 ஆக்கினார்கள்.

கொக்குவில்:
அந்த 32தான் வெளிநாட்டுக் கடிதத்தில் சிக்கல். 1998இல் அரை அவுன்ஸ் விமானக் கடிதம் இலங்கைக்கு 60 சதம். இதில் ஒன்றும் 20 சத முத்திரை ஒன்றும் ஒட்டினால் கொடுத்த காசு 60, தபாற் கணக்கில் 52. 8 சதம் குறை. குறைக்கட்டணக் கடிதத்தில் ஆங்கில 'ரி' (T) எழுத்து குத்துவார்கள். அப்படி ஓர் உறை கிடைத்தால் முத்திரையைக் கழற்றாதேங்கோ. திகதி முத்திரையோடு முழு உறையாக இருந்தால்தான் இந்தக் கணக்கே தெரியும்.

சாவகச்சேரி:
சாதாரண உறையெண்டால் ஊற வைக்கலாம். முத்திரையைச் சுற்றி ஒரு சென்ரிமீற்றர் கடதாசி விட்டு வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணித்தியாலம், முகம் கீழே. எங்கட கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர்; காய வெள்ளை படியும். மழைத் தண்ணீர் நல்லது. சிவப்பு, ஊதா நிற உறையைச் சேர்த்துப் போட்டால் சாயம் எல்லாத்திலும் ஏறும். அமெரிக்காவில் 2017இல் இதே மாதிரி வந்த அல்சைமர் நோய் முத்திரையைத் தண்ணீரில் போடவே வேண்டாம், பின்பசை கரையாது. உறையோடு வெட்டி வையுங்கோ.

மானிப்பாய்:
பாவித்த முத்திரையைப் பள்ளிக்கூடக் கண்காட்சியில் விற்றால் ஆராய்ச்சிக்குச் சேருமோ?

வண்ணார்பண்ணை அண்ணை:
சேராது தம்பி. தபாற்கந்தோரில் முதல் வாங்கும்போது போனதுதான். பிறகு விற்கிற காசு விற்கிறவருக்கு. "ஆராய்ச்சிக்காக" எண்டு பலகை வைக்கிறதெண்டால், அந்தக் காசை நீங்களே கொண்டுபோய்க் கட்டிப் பற்றுச்சீட்டு எடுக்கவேணும்.

பருத்தித்துறை:
பழையது தேடுறவைக்கு: 1938இல் பிரான்ஸ் வெளியிட்ட கியூரி தம்பதியர் முத்திரையும் புற்றுநோய் எதிர்ப்புக்குத்தான். 1.75 பிராங்க், கூட்டல் 50 சந்தீம் (அரைப் பிராங்க்). இரண்டு தொகையும் முத்திரையிலேயே இருக்கு, அமெரிக்க முத்திரை மாதிரித் தலையைச் சொறியத் தேவையில்லை. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளுக்கும் அதே படத்தோடு வந்தது.