ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப்: ஸ்டாண்ட்பை தட்டியதும் ஃபியூஸ் போகிறது

கேள்வி:
வணக்கம். 1960-களின் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், கிட்டாருக்கான ட்யூப் ஆம்ப். மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. சென்னையில் 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போடுகிறேன். பல வருடம் சும்மா கிடந்தது. பவர் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது, எல்லா ட்யூபும் ஒளிர்கிறது. ஸ்டாண்ட்பை ஸ்விட்சைத் தட்டினால் கனமான உறுமல், உடனே ஃபியூஸ் காலி. 2 ஆம்பியர் ஸ்லோ-புளோதான். கொஞ்சம் பெரிய ஃபியூஸ் போடலாமா?

பதில்:
வேண்டவே வேண்டாம் தம்பி. ஃபியூஸ் தாங்கிவிட்டால் அடுத்து எரிவது பவர் ட்ரான்ஸ்ஃபார்மர்.

ட்யூப் ஒளிர்வதால், அவற்றைச் சூடாக்கும் 6.3 வோல்ட் பக்கம் நன்றாக இருக்கிறது. ஸ்டாண்ட்பை தட்டும்போதுதான் 400 வோல்ட்டுக்கு மேல் உள்ளே பாய்கிறது. எனவே சந்தேகம் மூன்று இடத்தில்: ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் ட்யூப் (ஜிஇசட்34), அந்த டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர், ஸ்பீக்கரை ஓட்டும் 6வி6 பவர் ட்யூப்கள்.

முதலில் சீரிஸ் லாம்ப் கட்டுங்கள், அதாவது ஆம்புக்குப் போகும் கரண்ட் ஒரு பல்பு வழியாகப் போகட்டும்; உள்ளே ஷார்ட் இருந்தால் ஃபியூஸ் போவதற்குப் பதில் பல்பு முழு வெளிச்சத்தில் நிற்கும். 100 வாட் குண்டு பல்பு, எல்இடி ஆகாது. ஸ்டெப்-டவுனுக்கு முன்னால், 230 வோல்ட் பக்கம் போட்டால் சாதாரண பல்பே போதும். இரண்டு 6வி6-ஐயும் கழற்றிவிட்டு ஸ்டாண்ட்பையைத் தட்டுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, கோளாறு பவர் ட்யூப் பக்கம். மங்காமல் நின்றால் ரெக்டிஃபையரையும் கழற்றிப் பாருங்கள்.

கேட்டவர்:
அண்ணா, 6வி6 இல்லாமலும் பல்பு முழு வெளிச்சத்தில் நின்றது. ரெக்டிஃபையரை எடுத்ததும் மங்கிவிட்டது. தெரிந்தவரிடம் வாங்கிய வேறொரு ஜிஇசட்34 போட்டேன், மறுபடி முழு வெளிச்சம்.

பதில்:
அப்படியானால் கெபாசிட்டர்தான். சேஸிஸ் மேல் தகர மூடிக்குள் வரிசையாக இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும், ஆளையே கொல்லும். ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்த பிறகே கை வையுங்கள். பழக்கமில்லை என்றால் ட்யூப் வேலை தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
பழைய வால்வு ரேடியோ பார்க்கும் ஒரு பெரியவரோடு உட்கார்ந்து திறந்தோம். ஒன்றின் முனையில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. ஒரு காலைக் கழற்றி அளந்தால் கிட்டத்தட்ட நேர் ஷார்ட். அது ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்:
எல்லாம் ஒரே வயது, அத்தனையையும் மாற்றுங்கள். பழையது 16 மைக்ரோஃபாரட், 22 போடலாம். முதல் நிலையில் இரண்டு இணையாக வருவதால் 44 ஆகும். ஜிஇசட்34-க்கு உச்சம் 60, அதைத் தாண்டக் கூடாது. 500 வோல்ட் தாங்குவதாகத் தேடுங்கள். பவர் ட்யூப் இல்லாதபோது வோல்டேஜ் இன்னும் ஏறும், 450 போதாது. ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். பவர் ட்யூபுக்கு மைனஸ் வோல்டேஜ் (பயாஸ்) தரும் பக்கத்திலுள்ள பயாஸ் கெபாசிட்டரையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
மாற்றியாயிற்று! பல்பு ஒரு கணம் எரிந்து மங்கியது. 6வி6 எப்போது சொருகலாம்?

பதில்:
அதற்கு முன் 6வி6 சாக்கெட்டில் 5-ஆம் பின்னில் அந்த பயாஸ் வோல்டேஜை அளந்துவிடுங்கள். மைனஸ் 35 வோல்ட் அளவில் வர வேண்டும். அது வராமல் சொருகினால் பிளேட் செக்கச்செவேலென்று ஆகி ட்யூப் வீணாகும். ஸ்பீக்கர் இணைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பவர் வயர் இன்னும் பழைய இரண்டு பின்தானா?

கேட்டவர்:
ஆமாம், இரண்டு பின்தான். 5-ஆம் பின்னில் மைனஸ் 36 வந்தது.

பதில்:
அருமை, சொருகலாம். ஆனால் கிட்டார் மாட்டுவதற்கு முன் மூன்று பின் வயர் போட்டு, எர்த்தை சேஸிஸில் போல்ட் வைத்து இறுக்குங்கள். கிரவுண்ட் ஸ்விட்சிலிருந்து சேஸிஸுக்குப் போகும் கெபாசிட்டரையும் வெட்டி எடுத்துவிடுங்கள். அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியிலேயே கரண்ட் வரும்.